கவசம் மட்டும்

தாம்பரம் கிழக்கில் பஸ் ஏறி மேடவாக்கம் வழியாகக் கடற்கரைக்குப் போகிற பாதையை அழகான பாதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம் என்று ஊர்ப் பெயர்கள் மாறிக்கொண்டே வரும், கடைகள் மாறாது. ஓட்டல், மருந்துக்கடை, அடகுக்கடை, டைல்ஸ் கடை, மறுபடியும் ஓட்டல். சிற்பம் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பக்கத்து சீட்டுக்காரர் மாமல்லபுரம் பஸ் இது இல்லையே என்பார். நாங்கள் போனது மாமல்லபுரத்துக்கு இல்லை, இஞ்சம்பாக்கத்துக்கு.

கூட வந்தவன் தம்பி மகன். சிகாகோவில் கம்ப்யூட்டர் வேலை. அவன் அலுவலகம் போகிற வழியில் கிரான்ட் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. அதன் தெற்கு மூலையில் ஒன்பதடி உயர இரும்பு உருவங்கள் நிற்கின்றன. மொத்தம் 106. தலை கிடையாது, கை கிடையாது. நடக்கிற மாதிரி கால்கள் மட்டும். போலந்துச் சிற்பி மக்தலேனா அபகானோவிச் செய்தது. போலந்திலேயே வார்த்துக் கப்பலில் அனுப்பி, 2006-இல் நிறுத்தினார்கள். ‘அகோரா’ என்று பெயர்.

“பனி பெய்யுற நாள்ல அது நடுவுல நடந்து போனா என்னமோ மாதிரி இருக்கும் பெரியப்பா. நம்ம ஊர்ல இந்த மாதிரி யாராவது பண்ணியிருக்காங்களா? கோயில் சிலை இல்லாம?”

இருக்கிறார்கள், அதுவும் உன் அப்பா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் என்றேன். அவன் நம்பவில்லை. தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த பையன் அவன்.

நம்பாததில் தப்பில்லை. இந்தப் பக்கத்து மண்ணுக்குக் கல்லோடுதான் பேர். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சியே அங்கேதான் தொடங்கியது. அதே பல்லாவரத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது, இப்போது அது தர்கா. இந்தக் குன்றுகளின் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் இங்கிருந்து போன வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் சூட்டிய பெயர். கோடரியில் தொடங்கி குகை வரைக்கும், அங்கிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எல்லாம் கல்தான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிந்தைய சென்னையில் சிற்பம் புதிய வடிவம் எடுத்தபோது அது கல்லில் எடுக்கவில்லை. சாதாரணச் செம்புத் தகட்டில் எடுத்தது. நான் அவனுக்குக் காட்ட நினைத்தது அதைத்தான்.

மேடவாக்கம் கூட்ரோட்டில் இறங்கி டீ குடித்தோம். பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறை. கேட்டுக்கு மேலே வைக்கிற ஸ்டீல் பிள்ளையார் ஒன்றுக்குத் தும்பிக்கை பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்த தம்பி ஒரு நேரத்தில் ஒரு பொட்டுத்தான் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அது ஆறும்வரை வேறு இடத்தில் ஒரு பொட்டு. ஏன் ஒரே இழுப்பாகப் பற்றவைக்கவில்லை என்று கேட்டேன். “தகடு சூடு தாங்காது சார், முறுக்கிக்கும். கம்பின்னா ஒரே ஓட்டா ஓட்டிடலாம்” என்றார். இதைக் கேட்டுக்கொண்டது பிறகு உதவியது.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் சாலை. இடது கையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மிச்சம். 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சேர்ந்த பிறகாவது மிஞ்சட்டும். பெரும்பாக்கத்தில், நகரத்து ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஜனங்களின் அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்து எல்காட் வளாகம். சோழிங்கநல்லூர் தாண்டி, பக்கிங்ஹாம் கால்வாய்க்கு மேலே ஏறி இறங்கினால் அக்கரை, கிழக்குக் கடற்கரைச் சாலை. அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் இஞ்சம்பாக்கம்.

இஞ்சம்பாக்கம் என்றால் சென்னைக்காரர்களுக்கு வி.ஜி.பி. தங்கக் கடற்கரைதான். அங்கே ஒரு ‘சிலை மனிதன்’ உண்டு. ராஜா காலத்துக் காவல்காரன் உடையில் அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்கவைக்க ஜனங்கள் என்னென்னவோ செய்து பார்ப்பார்கள். நானும் சின்ன வயதில் செய்து பார்த்திருக்கிறேன். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இந்திய நவீன சிற்பத்தின் முக்கியமான பட்டறை ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. கூட்டம் எப்போதும் சிலை மனிதனுக்குத்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலை போல நிற்பதும் லேசான வேலை இல்லை.

பட்டறை என்று சொன்னது சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் முப்பதுக்கு மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உண்டாக்கியது. பணிக்கர் அப்போது எழும்பூர் பக்கம் இருக்கிற அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். அவர் மாணவர்கள் நன்றாக வரைந்தார்கள், பரிசு வாங்கினார்கள், பிறகு பிழைப்புக்காக விளம்பர கம்பெனிக்கோ டிராயிங் மாஸ்டர் வேலைக்கோ போனார்கள். வரைவது நின்றுபோனது. இதற்குப் பணிக்கர் கண்ட வழி ரொம்ப நடைமுறையானது. ஒரு நாளில் சில மணி நேரம் பாத்திக் துணி, தோல் வேலை, உலோகச் சாமான், மண்பாண்டம் என்று கைத்தொழில் செய்து விற்றுக்கொள்வது. மீதி நேரம் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் தன் கலையைச் செய்வது. பாத்திக் துணி விற்ற காசில்தான் இந்த நிலத்தையே வாங்கினார்கள். அப்போது இது மணலும் சவுக்கும் உள்ள மீனவர் கரை. தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். 1990-களின் கடைசியில் கடற்கரைச் சாலை பெரிதானதும் சுற்றிலும் பங்களாக்கள் வந்துவிட்டன. கிராமம் என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஓவியக் கல்லூரியின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கைத்தொழில் பள்ளி அது. அங்கே கலை என்றால் கையால் செய்கிற தொழில்தான். 1890-களின் கடைசியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்கிற தொழிலையே ஆரம்பித்தார். நம் வீட்டு அலுமினியக் குண்டானின் தாத்தா வீடு ஓர் ஓவியப் பள்ளி என்பது எனக்குப் பிடித்த செய்தி. பின்னால் வங்காளத்திலிருந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்து, கிட்டத்தட்ட முப்பது ஆண்டு இருந்து, அதை நுண்கலைப் பள்ளியாக மாற்றினார். மெரினாவில் பாறையை நெம்புகிற நான்கு தொழிலாளர்கள், உழைப்பாளர் சிலை, அவர் செய்ததுதான். 1959-இல் வைத்தது. கடற்கரையில் நடக்கிற காந்தியும் அவர் கைதான். அந்தத் தொழிலாளர்களின் முதுகுத் தசைகளைப் பாருங்கள். சிற்பம் என்றால் சதை, எடை, நான்கு பக்கமும் சுற்றிவந்து பார்க்க வேண்டியது. ஐரோப்பிய வழி அது.

ராய் சௌத்ரியின் மாணவர் எஸ். தனபால், 1919-இல் மயிலாப்பூரில் பிறந்தவர். நடனமும் கற்றவர், ஓவியர், பிறகு சிற்பி, பிறகு அதே கல்லூரிக்கு முதல்வர். ஒரு தலைமுறைச் சிற்பிகள் இவரிடம் உருவானவர்கள். குருவின் தசையை இவர் விட்டுவிட்டார். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் கல்லூரியின் கைத்தொழில் பிரிவுக்கும் நுண்கலைப் பிரிவுக்கும் நடுவே இருந்த சுவர் இளகியது. பரம்பரை உலோக வேலைக்காரர்கள் அடிக்கிற இடத்துக்கு ஓவிய மாணவர்கள் போனார்கள், வந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் பி.வி. ஜானகிராம்.

ஜானகிராம் 1930-இல் பிறந்தவர். அபகானோவிச் பிறந்ததும் அதே ஆண்டில்தான், வார்சாவுக்குப் பக்கத்தில் ஃபலென்டி என்ற ஊரில். இவர்கள் இருவரையும் சேர்த்துப் பேச அது ஒன்று மட்டும் காரணமில்லை, அதற்கு வருகிறேன்.

சோழமண்டலத்தில் 2009-இல் திறந்த அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஓவியக் கல்லூரியைச் சுற்றி வளர்ந்த மெட்ராஸ் கலை இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஓவியங்களை வேகமாகக் கடந்து உலோகத்திடம் போனோம். தம்பி மகன் முதலில் நின்றது ஒரு தகட்டு முகத்தின் முன்னால். செம்பு கறுத்து, இடுக்குகளில் பச்சை பூத்திருந்தது. மூக்கு ஒரு மடிப்பு. கண்கள் கம்பியை வளைத்து ஒட்டியவை. புருவத்துக்கு மேலே சின்னச் சின்னத் தகட்டுத் துண்டுகள், கிரீடம் என்றும் சொல்லலாம், முடி என்றும் சொல்லலாம். கிட்டே குனிந்தால் சுத்தியல் பட்ட குழிகள் ஒவ்வொன்றும் தெரிகிறது. மேடவாக்கத்துப் பட்டறையில் பார்த்த அதே பொட்டுகள் விளிம்பில் வரிசையாக இருந்தன. மழுப்பாமல், தேய்த்து மறைக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். பற்றவைத்த தழும்பே ஆபரணமாகிவிட்டிருந்தது.

அவன் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். பின்னால் ஒன்றுமில்லை. வெறும் குழிவு, தகட்டின் உள்முதுகு.

“சிகாகோவிலயும் இதே கதைதான் பெரியப்பா. முன்னாடி ஆள், பின்னாடி போனா கூடு.”

அவன் சொன்னது சரி. அகோராவின் உருவங்கள் கெட்டி இரும்பில்லை, ஓடுகள். அபகானோவிச் அதற்கு வெகு முன்பே, 1970-களின் பிற்பாதியில், சாக்குத் துணியைப் பிசினில் தோய்த்து மனித உடம்பின் அச்சில் ஒட்டி, ‘முதுகுகள்’ என்று எண்பது உருவங்கள் செய்திருந்தார். குந்தி உட்கார்ந்த எண்பது முதுகு, முன்பக்கம் காலி. அவர் கதை கடுமையான கதை. 1943-இல், அவருக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, வீட்டுக்குள் வந்த ஜெர்மன் சிப்பாய்கள் சுட்டதில் அம்மாவின் வலது கை போனது. போருக்குப் பிறகு சொத்து போனது, பெரிய இடத்துப் பிள்ளை என்பதை மறைத்துப் படிக்க வேண்டியிருந்தது. சிற்பம் செய்யத் தனி இடம் கிடையாது, அதனால் நெய்தார். விஸ்துலா ஆற்றங்கரையில் கிடந்த பழைய கப்பல் கயிற்றைப் பொறுக்கி, பிரித்து, சாயம் போட்டு நெய்தார். அது சுவரிலிருந்து விலகி, ஆள் உயரத்தைத் தாண்டி, கூரையிலிருந்து தொங்கியது. எதில் சேர்ப்பது என்று தெரியாமல் அவர் பெயரையே வைத்து ‘அபகான்’ என்றார்கள். 1965-இல் சாவ் பாவ்லோ பினாலேயில் தங்கப் பதக்கம் கிடைத்தது. நெசவு கைத்தொழில், சிற்பம் கலை என்று கோடு போட்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு அந்தக் கோட்டை அழிக்க வேண்டிவந்தது.

அதே ஆண்டுகளில் சென்னையில் ஜானகிராம் தகடு தட்டிக்கொண்டிருந்தார். முதலில் ஓவியம் படித்துவிட்டு அப்புறம் சிற்பத்துக்கு வந்தவர். வெண்கலம் வார்க்கப் பணம் வேண்டும், உலை வேண்டும், வார்க்கிற ஸ்தபதிகளைத் தேடிச் சுவாமிமலைக்குப் போக வேண்டும். தகட்டுக்குச் சுத்தியல் போதும். ஆனால் செலவு குறைவு என்பதால் மட்டும் அவர் தகட்டுக்குப் போகவில்லை. நம் கோயில்களில் மூலவருக்குக் கவசம் சாத்துவார்கள் அல்லவா, அதுதான் அவருக்குக் கிடைத்த சிற்பம். கவசம் செய்கிற பத்தர் தகட்டை அரக்குப் படுக்கையில் வைத்துச் சின்ன உளியால் தட்டுவார். முன்பக்கம் புடைக்க வேண்டியதைப் பின்பக்கத்திலிருந்து தட்ட வேண்டும், எல்லாம் தலைகீழ்க் கணக்கு. தட்டத் தட்டத் தகடு விறைக்கும். விறைத்ததைக் கேட்காமல் மேலும் அடித்தால் கிழியும். நெருப்பில் காட்டிப் பழுக்கவைத்து ஆற்றினால் மறுபடி இளகும். ஒரு முகத்துக்கு இப்படி எத்தனையோ முறை அடுப்புக்கும் அரக்குக்கும் நடக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்களைக் கலைஞர் என்று சொல்பவர்கள் குறைவு.

கவசத்துக்கு முதுகு கிடையாது. தேவையுமில்லை, பின்னால் கல் இருக்கிறது. பக்தன் நேரே நின்று பார்க்கிறான், சாமியும் நேரே பார்க்கிறது, கருவறைக்குள் யாரும் சுற்றிவந்து பார்ப்பதில்லை. மெரினாச் சிலை கேட்கிற நான்கு பக்கப் பார்வை இங்கே எடுபடாது. ஜானகிராம் செய்தது என்னவென்றால், கல்லை எடுத்துவிட்டுக் கவசத்தை மட்டும் நிறுத்தினார். முன்னால் முகம் இருக்கிறது, பின்னால் சாமி இருந்த இடம் காலியாக இருக்கிறது. சில நேரம் அது பிள்ளையார், சில நேரம் ராஜா, சில நேரம் ஏசு. அபகானோவிச்சின் வெற்றிடத்தில் போர் இருக்கிறது, ஆட்களைத் தூக்கிக்கொண்டுபோன பிறகு மிஞ்சிய தோல் அது. ஜானகிராமின் வெற்றிடத்தில் அந்தப் பயம் இல்லை. யாரோ வந்து உட்காரப் போகிற இடம் மாதிரி இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

“அப்போ இது அவங்களப் பாத்துப் பண்ணது இல்லையா?” என்றான்.

இல்லவே இல்லை. நம் நவீன கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது முதலில் வருகிற கேள்வியே இதுதான், எந்த வெள்ளைக்காரரைப் பார்த்துச் செய்தார் என்று. ஜானகிராமுக்கு வழிகாட்டியவர்கள் பிக்காஸோவை விட அதிகமாகக் கோயில் பத்தர்கள்தான் என்பது அந்தத் தகட்டைப் பார்த்தாலே தெரிகிறது. தேசிய விருது அவருக்கும் வந்தது. 1995-இல் காலமானார்.

தகட்டை இன்னும் தூரம் கொண்டுபோனவர் எஸ். நந்தகோபால். பணிக்கரின் மகன், 1946-இல் பெங்களூரில் பிறந்தவர், லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு ஓவியக் கல்லூரிக்கு வந்தவர். கடைசிவரை சோழமண்டலத்திலேயே இருந்தார், கிராமத்தின் நிர்வாகத்தையும் பல காலம் சுமந்தார். அருங்காட்சியகம் எழும்பியதில் அவர் பங்கு பெரியது. பெரிய ஓவியரின் மகன் கலைக்கு வந்தால் ஊர் என்ன பேசும் என்பது தெரிந்ததுதான். அவர் தூரிகையை விட்டுப் பற்றவைக்கிற குழாயைத் தொட்டார். அது புத்திசாலித்தனமான முடிவு என்றுதான் நினைக்கிறேன். 1978-இல் டிரினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

அவருடைய செம்பும் பித்தளையும் ஜானகிராம் மாதிரி ஒரு முகத்தில் நிற்பதில்லை. ஒரு தண்டு எழும்புகிறது, அதில் பறவை, பறவையின் வாலே பாம்பு, பாம்பு போய் ஒரு கொடியாகி மேலே விரிகிறது. கம்பியால் காற்றில் கோலம் போட்ட மாதிரி. ஆரம்ப காலத்தில் வெள்ளி முலாமும் எனாமல் வண்ணமும் சேர்த்தார். பிற்காலத்தில் நடுகற்களின் நினைவாக ஒரு வரிசை செய்தார். நடுகல்லும் ஒரே பக்கம்தான். செத்துப்போன வீரன் ஊரை நேரே பார்த்து நிற்கிறான், முதுகு வெறும் பாறை. கவசத்தில் தொடங்கிய பார்வை நடுகல்லில் போய் முடிந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய சில பெரிய சிற்பங்களில் அலங்காரம் கொஞ்சம் கூடிப்போகிறது என்பது என் அபிப்பிராயம். சின்னவை ஒவ்வொன்றும் கச்சிதம். 2017 ஏப்ரலில் நந்தகோபால் இறந்தார். வார்சாவில் அபகானோவிச் இறந்ததும் அதே ஏப்ரலில்தான்.

வெளியே தோட்டத்தில் கருங்கல் சிற்பங்கள் மரத்தடிகளில் நிற்கின்றன. பல நாட்டுச் சிற்பிகளுடைய வேலை. தம்பி மகன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான், கெட்டியா கூடா என்று. அதற்கப்பால் ஓவியர்களின் வீடுகள். ஒரு வீட்டு வாசலில் காயப்போட்ட வடாம், பக்கத்தில் பாதி முடிந்த ஓர் உலோகக் காளை, இரண்டுக்கும் ஒரே வெயில். இங்கே இன்னும் வேலை நடக்கிறது. ஆனால் முதல் தலைமுறையில் பெரும்பாலோர் இல்லை. சிலர் 1960-களின் கடைசியிலேயே பாரிஸ் போய்விட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்டான், பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் ஏன் சொல்லவே இல்லை என்று. தாம்பரம், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் இத்தனை பள்ளிகள் இருக்கின்றன. வருஷா வருஷம் சுற்றுலா என்று பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி இதே சாலையில்தான் மாமல்லபுரத்துக்கும், முதலைப் பண்ணைக்கும், பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் கொண்டுபோகிறார்கள். வண்டி அக்கரையில் தெற்கே திரும்பிவிடுகிறது, சோழமண்டலம் அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், இஞ்சம்பாக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள். பிள்ளைகளை ஜானகிராமின் தகட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, விளக்கம் எதுவும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். பின்பக்கம் அவர்களே போய்ப் பார்ப்பார்கள்.